மின்வெட்டுக்குப் பின் எழாத செட்டாப் பாக்ஸ்

சாயங்காலம் ஒரு மணி நேரம் கரண்ட் போய்த் திரும்ப வருகிறது. மின்விசிறி சுற்றுகிறது, ஃபிரிட்ஜ் ஓடுகிறது, டி.வி.யில் சிவப்பு விளக்கு எரிகிறது. பக்கத்தில் இருக்கிற செட்டாப் பாக்ஸில் மட்டும் உயிர் இல்லை. கரண்ட் போகிற வரைக்கும் நன்றாகப் படம் காட்டிக்கொண்டிருந்த பெட்டி அது. உடனே ஒரு தீர்ப்பு வந்துவிடும்: கரண்ட் திரும்பி வரும்போது ஹை வோல்டேஜில் வந்து அடித்துவிட்டது. வீட்டுக்காரர் சொல்வார், பக்கத்து வீட்டுக்காரர் ஆமாம் என்பார், சில நேரம் பழுது பார்க்க வருகிறவரும் பெட்டியைத் திறக்காமலே அதையே சொல்லி, "போர்டு போச்சு, புதுசு வாங்கிக்குங்க" என்று முடித்துவிடுவார். இந்தத் தீர்ப்பு பல நேரங்களில் தவறு என்பதுதான் இன்றைக்கு நான் சொல்ல வருவது. அந்தப் பெட்டியின் பவர் சப்ளை பல மாதங்களாகவே தேய்ந்துகொண்டு வந்திருக்கும். மின்வெட்டு செய்ததெல்லாம் அந்தத் தேய்மானத்தை அம்பலமாக்கியதுதான். யார் மேல் பழி போட்டால் என்ன என்று விட்டுவிட முடியாது. காரணத்தைத் தவறாகப் பிடித்தால் ரிப்பேரும் தவறாகப் போகும். பணமும் வேண்டாத இடத்தில் செலவாகும்.

இதைப் புரிந்துகொள்ள அந்தப் பவர் சப்ளைக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். சுவரிலிருந்து வருவது 230 வோல்ட் மாறுமின்சாரம். பெட்டிக்குள் இருக்கும் சில்லுகளுக்கு வேண்டியதோ 3.3 வோல்ட், 5 வோல்ட், 12 வோல்ட் என்ற அளவில் நேர்மின்சாரம். பழைய ரேடியோக்களில் இந்த வேலையைக் கனமான இரும்பு டிரான்ஸ்ஃபார்மர் செய்தது. இப்போது செய்வது எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் சுவிட்சிங் பவர் சப்ளை. உள்ளே வரும் மின்சாரம் முதலில் ஃபியூஸைக் கடந்து, நான்கு டயோடுகள் கொண்ட பிரிட்ஜில் நேர்மின்சாரமாகி, 400 வோல்ட் என்று மேலே அச்சிட்ட ஒரு பெரிய கெப்பாசிட்டரில் வந்து தேங்குகிறது. அங்கே அளந்தால் ஏறத்தாழ 325 வோல்ட் காட்டும். மாறுமின்சாரத்தின் உச்சி அளவு அது. இந்த 325 வோல்ட்டை ஒரு ஐ.சி. நொடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டிச் சின்ன டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றுக்குள் அனுப்புகிறது. மறுபக்கத்தில் குறைந்த வோல்ட் கிடைக்கிறது. டயோடும் கெப்பாசிட்டர்களும் அதைச் சீராக்குகின்றன. இப்போது வரும் பல பெட்டிகளில் இந்தச் சர்க்யூட் முழுவதும் வெளியே, சுவரில் செருகும் அடாப்டருக்குள் போய்விட்டது. இடம்தான் மாறியிருக்கிறது, வேலை அதேதான்.

இனிமேல்தான் விஷயமே இருக்கிறது. வெட்டும் வேலையைச் செய்கிற ஐ.சி.க்கும் ஓட மின்சாரம் வேண்டும்; அதற்கு 325 வோல்ட்டை நேராகக் கொடுக்க முடியாது. பல வடிவமைப்புகளில் உயர்ந்த மதிப்புள்ள ஒரு ரெசிஸ்டர் வழியாக மிகச் சிறிய மின்னோட்டம் கசிந்து, விரல் நகம் அளவுள்ள ஒரு குட்டி கெப்பாசிட்டரை மெதுவாக நிரப்புகிறது. 3842 என்ற எண்ணுள்ள, பல்லாண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கிற ஐ.சி.யை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். அந்தக் குட்டி கெப்பாசிட்டரில் 16 வோல்ட் சேரும் வரை அது காத்திருக்கும். அதுவரை அதற்கு ஒரு மில்லி ஆம்பியர்கூட வேண்டாம். 16 வோல்ட்டைத் தொட்டதும் விழித்து ஓடத் தொடங்கும். ஓடியவுடன் பத்து மில்லி ஆம்பியருக்கு மேல் கேட்கும். அவ்வளவு கொடுக்க அந்த ரெசிஸ்டரால் முடியாது. டிரான்ஸ்ஃபார்மரில் இதற்கென்றே சுற்றியிருக்கும் துணைச் சுருள் ஒன்று வோல்ட் கொடுக்கத் தொடங்கும் வரை, ஐ.சி. அந்தக் குட்டி கெப்பாசிட்டரில் இருக்கும் சேமிப்பைத்தான் தின்றாக வேண்டும். அந்தச் சேமிப்பு 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் ஐ.சி. நின்றுவிடும். மறுபடி கசிவு, மறுபடி 16 வோல்ட், மறுபடி ஒரு முயற்சி.

கெப்பாசிட்டர் நல்ல நிலையில் இருந்தால் முதல் முயற்சியிலேயே பெட்டி எழுந்துவிடும். அதன் உள்ளே இருக்கும் திரவம் காய்ந்து கொள்ளளவு குறைந்திருந்தால்? ஓடிக்கொண்டிருக்கும்வரை ஒரு குறையும் வெளியே தெரியாது. துணைச் சுருள் நொடிக்குப் பல்லாயிரம் தடவை அதை நிரப்பிக்கொண்டே இருப்பதால், கொஞ்சம் கொள்ளளவே போதும். நிறுத்தித் திரும்பத் தொடங்கும்போதுதான் முழுச் சேமிப்பும் தேவைப்படுகிறது. பேட்டரி வீக்கான பைக் வழியெல்லாம் நன்றாக ஓடிவிட்டு, பெட்ரோல் பங்கில் நிறுத்தியபின் செல்ஃப் எடுக்காமல் நிற்பது போலத்தான் இது. ஆகவே கரண்ட் போய் வந்தபின் பெட்டி எழவில்லை என்ற ஒன்றை மட்டும் வைத்து ஹை வோல்டேஜ் மேல் பழி போட முடியாது. தேய்ந்த பவர் சப்ளையும் அச்சு அசலாக அதே தருணத்தில்தான் படுக்கும்.

இதற்கு ஒரு மறுப்பு வரும், அது நியாயமானதும்கூட. ஹை வோல்டேஜ் என்பது கட்டுக்கதையா? தெருவில் நியூட்ரல் அறுந்து வீடு வீடாக டி.வி.யும் மோட்டாரும் எரிந்ததைப் பார்த்தவர்கள் இருக்கிறார்களே? இருக்கிறார்கள், அது நடப்பதுதான். நம் ஊர் விநியோகம் மூன்று ஃபேஸ், ஒரு நியூட்ரல். நியூட்ரல் அறுந்தால் ஒரு வீட்டின் ஃபேஸுக்கும் இன்னொரு வீட்டின் ஃபேஸுக்கும் இடையே உள்ள வோல்ட், இரண்டு வீட்டுச் சாதனங்கள் வழியாகவும் பங்கு பிரிகிறது. குறைந்த சுமை இருக்கும் வீட்டுக்கு 230க்குப் பதிலாக 400 வோல்ட்டை நெருங்கிக்கூட வரலாம். அப்போது உச்சி அளவு 560 வோல்ட்டைத் தாண்டும். 400 வோல்ட்டுக்கென்று செய்த பெரிய கெப்பாசிட்டர் அதைத் தாங்காது. ஆனால் அப்படி அடிபட்ட பெட்டி சாட்சியில்லாமல் சாவதில்லை. உள்ளே வரும் இடத்தில், பெரும்பாலும் நீல நிறத்தில், வட்ட வில்லை போல ஒரு வாரிஸ்டர் இருந்தால் அது வெடித்தோ கருகியோ இருக்கும். பெரிய கெப்பாசிட்டர் உப்பியோ பிளந்தோ இருக்கும். சுவிட்சிங் ஐ.சி.யில் ஓட்டை விழுந்திருக்கலாம். அன்றைக்கு அந்த வீட்டில் அந்தப் பெட்டி மட்டுமே பாதிக்கப்பட்டிருக்கவும் வாய்ப்பு குறைவு. மின்விசிறியும் ஃபிரிட்ஜும் டி.வி.யும் நலமாக இருக்க, செட்டாப் பாக்ஸை மட்டும் தேடி வந்து அடிக்கிற ஹை வோல்டேஜ் அபூர்வம்.

எல்லாவற்றையும்விடத் தெளிவாகப் பேசும் சாட்சி ஃபியூஸ். கண்ணாடி ஃபியூஸாக இருந்தால் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். கண்ணாடியின் உட்புறம் முழுக்கக் கரி பிடித்தோ, வெள்ளி பூசியது போல மினுங்கியோ இருந்தால், உள்ளே இருந்த கம்பி ஒரே கணத்தில் ஆவியாகியிருக்கிறது. பிரிட்ஜ் டயோடு, சுவிட்சிங் டிரான்சிஸ்டர், வாரிஸ்டர், பெரிய கெப்பாசிட்டர், இவற்றில் ஏதோ ஒன்று நேர் ஷார்ட் ஆகியிருக்கிறது என்று அர்த்தம். அங்கே வேறு ஃபியூஸ் போட்டு மின்சாரம் கொடுத்தால் அதுவும் போகும். அதைவிட மோசம், ஃபியூஸ் இருந்த இடத்தில் செப்புக் கம்பியைச் சுற்றி விடுவது. அது தீயை வீட்டுக்குள் வரவழைப்பதற்குச் சமம். விவரமான மெக்கானிக் இந்த நிலையில் பெட்டியை நேரே சுவரில் செருக மாட்டார். 60 வாட் குண்டு பல்பு ஒன்றைச் சீரிஸில் போட்டுத்தான் மின்சாரம் கொடுப்பார். ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், வேறு எதுவும் எரியாது. மாறாக, ஃபியூஸ் முழுசாக இருந்து, பெரிய கெப்பாசிட்டரில் 325 வோல்ட்டும் இருந்து, மறுபக்கத்தில் மட்டும் ஒன்றும் வரவில்லை என்றால், ஹை வோல்டேஜ் கதை அநேகமாக அங்கேயே முடிந்துவிடுகிறது. அடுத்து அந்தக் குட்டி கெப்பாசிட்டரின் இரு கால்களிலும் மீட்டரை வைக்க வேண்டும். பூஜ்யம் காட்டினால் முதல் சந்தேகம் கசியவிடும் ரெசிஸ்டர் மேல். அது உள்ளுக்குள் அறுந்திருக்கும். முள் மீட்டரில் முள் ஏறி இறங்கி, ஏறி இறங்கி ஆடினால், ஐ.சி. எழ முயன்று முயன்று தோற்கிறது என்று பொருள். ஒன்று அந்தக் கெப்பாசிட்டர் காய்ந்திருக்கும், அல்லது மறுபக்கத்தில் ஏதோ ஷார்ட் ஆகி ஐ.சி.யை எழ விடாமல் இழுத்துக்கொண்டிருக்கும். ரெசிஸ்டருக்குப் பதிலாக அந்த வேலையையும் ஐ.சி.க்குள்ளேயே வைத்துவிட்ட வடிவமைப்புகளும் உண்டு. அங்கேயும் குட்டி கெப்பாசிட்டரைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

சரி, கெப்பாசிட்டர் ஏன் காய்கிறது? உஷ்ணம். சாதாரணமாகக் கிடைக்கும் ஒரு எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டருக்குத் தயாரிப்பாளர் தரும் ஆயுள், 105 டிகிரி செல்சியஸில் 2000 மணி நேரம். உஷ்ணம் ஒவ்வொரு 10 டிகிரி குறையும்போதும் இந்த ஆயுள் இரட்டிக்கும் என்பது பொறியாளர்கள் கைக்கணக்காக வைத்திருக்கும் விதி. அதன்படி 65 டிகிரியில் 32,000 மணி நேரம் வருகிறது. ஆண்டுக்கு 8,760 மணி நேரம். செட்டாப் பாக்ஸின் பவர் சப்ளையோ ரிமோட்டில் அணைத்தாலும் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. வகுத்துப் பாருங்கள், மூன்றரை ஆண்டுக்குச் சற்று மேல். அதே கெப்பாசிட்டர் 55 டிகிரியில் இருந்திருந்தால் ஏழு ஆண்டுகளைத் தாண்டியிருக்கும். அந்தப் பத்து டிகிரி எங்கிருந்து வருகிறது என்று தேட ரொம்ப தூரம் போக வேண்டாம். மூடிய ஷோகேஸுக்குள் பெட்டியை வைக்கிறோம். தூசு படாமல் இருக்கட்டும் என்று மேலே பூப்போட்ட துணி விரிக்கிறோம், அதன் மேல் இன்னொரு சாதனத்தை ஏற்றி வைக்கிறோம். சித்திரை, வைகாசியில் அறையே 38 டிகிரியில் இருக்கும்போது, காற்றுப் போக வழியில்லாத பெட்டிக்குள் எவ்வளவு இருக்கும் என்று யோசிக்கலாம். நம் மேல் மட்டும் குற்றம் சொல்லவும் கூடாது. சூடாகிற டயோடையும் ஹீட்சிங்கையும் ஒட்டினாற்போலவே கெப்பாசிட்டரை நட்டு வைக்கும் வடிவமைப்புகள் எத்தனையோ இருக்கின்றன. அது தயாரிப்பாளரின் தவறு, அதை அப்படியே சொல்ல வேண்டும்.

தேய்மானம் மெதுவாக வருவது என்றால் முன்னறிகுறி இருக்க வேண்டாமா என்று கேட்கலாம். இருக்கிறது, நாம்தான் கவனிப்பதில்லை. இரவு சுவிட்சை அணைத்துக் காலையில் போட்டால் பெட்டி உடனே வராது. நாலு தடவை அணைத்துப் போட்டால் வரும். வந்தபின் நாள் முழுக்க நன்றாக ஓடும். உள்ளே மிஞ்சியிருக்கும் திரவம் குளிர்ந்திருக்கும்போது கெப்பாசிட்டரின் உள்தடை ஏறியிருக்கிறது. ஒவ்வொரு முயற்சியிலும் கொஞ்சம் சூடேறி, உள்தடை இறங்கி, ஐந்தாவது முயற்சியில் எழுந்துவிடுகிறது. சந்தேகத்துக்குரிய கெப்பாசிட்டரை, மின்சாரத்தைத் துண்டித்து, ஹேர் டிரையரால் சற்றே சூடாக்கிவிட்டுப் பிறகு மின்சாரம் கொடுத்தால் செத்த பெட்டி எழுந்து உட்காருவதை மெக்கானிக்குகள் அறிவார்கள். வாரக்கணக்கில் இப்படிக் காலையில் அடம் பிடித்துவிட்டு ஒருநாள் மின்வெட்டுக்குப் பிறகு எழாமல் போன பெட்டி, ஹை வோல்டேஜால் செத்தது என்றால் நம்ப முடியுமா? ஸ்டெபிலைசர் வாங்கி மாட்டுங்கள் என்று சொல்கிறவர்களும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். பெரும்பாலான அடாப்டர்களின் மேல் 100 முதல் 240 வோல்ட் வரை என்று அச்சிட்டிருக்கும். வோல்டேஜ் ஏற்ற இறக்கத்தைத் தானே சமாளிக்கத்தான் இந்த வகைப் பவர் சப்ளையே. காய்கிற கெப்பாசிட்டருக்கு ஸ்டெபிலைசர் எந்த உதவியும் செய்யாது. காற்றோட்டம் செய்யும்.

எல்லாச் சாவுக்கும் இந்தக் குட்டி கெப்பாசிட்டரே காரணம் என்று நான் சொல்லவில்லை. சிவப்பு விளக்கு மட்டும் எரிந்து பெட்டி மேலே நகராமல் நின்றால், கோளாறு பெரும்பாலும் குறைந்த வோல்ட் பக்கத்துக் கெப்பாசிட்டர்களில் இருக்கும். போர்டைக் கழற்றிவிட்டு அளந்தால் 5 வோல்ட் சரியாகக் காட்டும். போர்டை மாட்டிச் சுமை ஏற்றியதும் நாலுக்குக் கீழே சரியும். சுமையில்லாமல் அளந்துவிட்டு "பவர் சப்ளை நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லக் கூடாது என்பது இதனால்தான். இன்னொரு சந்தேகம் பெட்டிக்கு வெளியே இருக்கிறது. மொட்டை மாடியில் டிஷ்ஷின் முனையில் இருக்கும் எல்.என்.பி.க்கும் மின்சாரம் பெட்டியிலிருந்துதான் போகிறது. கேபிளின் நடுக்கம்பி வழியாக 13 அல்லது 18 வோல்ட். கேபிள் முனையில் வலைக்கம்பியின் ஒரே ஒரு இழை பிரிந்து நடுக்கம்பியைத் தொட்டாலும், மழைநீர் இறங்கி உள்ளே அரித்தாலும், அந்த வோல்ட் ஷார்ட் ஆகும். சில பெட்டிகள் திரையில் எச்சரிக்கை காட்டும். சில பெட்டிகள் அணைந்து அணைந்து எழும். சில எழவே எழாது. ஆகவே பெட்டி செத்துவிட்டது என்று முடிவு கட்டுமுன், சுவிட்சை அணைத்து, பின்பக்கம் டிஷ் கேபிளைக் கழற்றி வைத்துவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள். செலவில்லாத, ஆபத்தில்லாத சோதனை இது. வெளியே அடாப்டர் உள்ள பெட்டி என்றால், அதே வோல்ட், அதே அளவோ கூடுதலோ ஆம்பியர், பின்னில் அதே துருவ அமைப்பு உள்ள வேறு அடாப்டரைப் போட்டுப் பார்க்கலாம். அப்போது எழுந்துவிட்டால் பெட்டி நலம், அடாப்டர்தான் நோயாளி.

இந்த இரண்டு சோதனைகளோடு நேயர்கள் நிறுத்திக்கொள்ள வேண்டும். பெட்டியைத் திறப்பது பயிற்சி உள்ளவர் வேலை. 325 வோல்ட் விளையாட்டுப் பொருள் இல்லை, அதிலும் செத்த பவர் சப்ளையில் ஒரு தனி ஆபத்து இருக்கிறது. ஓடுகிற பவர் சப்ளை, பிளக்கைப் பிடுங்கியதும் பெரிய கெப்பாசிட்டரில் இருப்பதைத் தானே செலவழித்துத் தீர்த்துவிடும். எழாத பவர் சப்ளையில் செலவழிக்க ஆள் இல்லை; பிளக்கைப் பிடுங்கி நேரம் ஆனபிறகும் அந்த வோல்ட் உள்ளே காத்திருக்கும். விவரம் தெரிந்தவர் முதலில் மீட்டரில் அதை அளந்து, ஒரு ரெசிஸ்டர் வழியாக இறக்கிவிட்டுத்தான் கை வைப்பார். ஸ்குரூடிரைவரைக் குறுக்கே வைத்துப் பொறி பறக்க விடுகிறவரிடம் பெட்டியைக் கொடுக்காதீர்கள். அப்படியானால் இவ்வளவு சர்க்யூட் விவரம் எங்களுக்கு எதற்கு என்றால், கேள்வி கேட்பதற்கு. ஃபியூஸ் எப்படிப் போயிருந்தது, பெரிய கெப்பாசிட்டரில் எத்தனை வோல்ட் இருந்தது என்று கேட்டால், அளந்து பார்த்தவர் உடனே சொல்வார். அளக்காதவரிடம் பதில் இருக்காது.

கடைசியாக வருவது பண விஷயம். சில ரூபாய் கெப்பாசிட்டருக்காக மெக்கானிக் கூலி கொடுப்பதைவிடப் புதுப் பெட்டி வாங்கிவிடலாமே என்பார்கள். மாதச் சந்தா கட்டும் சேவையில் பெட்டி நிறுவனத்துக்குச் சொந்தமானதாகவோ உத்தரவாதத்திலோ இருந்தால், திறக்காமல் அவர்களிடமே மாற்றிக் கேட்பதுதான் சரி. ஆனால் 2004 டிசம்பரில் டி.டி. டைரக்ட் பிளஸ் என்று தொடங்கி இன்று டி.டி. ஃப்ரீ டிஷ் ஆக இருக்கும் தூர்தர்ஷனின் இலவசச் சேவையை எடுத்துக்கொள்ளுங்கள். சந்தா கிடையாது, பெட்டியைக் கடையில் விலைக்கு வாங்கியவர்களே அதைப் பார்க்கிறார்கள். மாற்றித் தர நிறுவனம் இல்லாத அந்த வீடுகளுக்கு, போர்டு போச்சு என்ற வார்த்தை நேரடி நஷ்டம். குப்பைக் கணக்கும் இருக்கிறது. 2022இல் மட்டும் உலகம் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவை உண்டாக்கியது என்றும், முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது அதில் 22.3 சதவீதம்தான் என்றும் ஐ.நா. அமைப்புகளின் அறிக்கை சொல்கிறது. டியூனரும் பிராசஸரும் நினைவகமும் நலமாக இருக்கிற ஒரு பெட்டியை, நகம் அளவு உதிரிபாகத்துக்காக அந்தக் குவியலில் சேர்ப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நம் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24இல் பழுது பார்க்கும் உரிமைக்கென்று ஓர் இணையதளம் தொடங்கியது. உதிரிபாகமும் சர்வீஸ் தகவலும் வாடிக்கையாளருக்குக் கிடைக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். இந்தப் பெட்டிகளின் சர்க்யூட் வரைபடமும் அப்படி எளிதில் கிடைத்தால், சென்னை ரிச்சி தெருவிலிருந்து சின்ன ஊர் டி.வி. மெக்கானிக் கடை வரை எத்தனையோ கைகள் இந்த வேலையைச் செய்யத் தயாராக இருக்கின்றன.

ரிப்பேர் செய்தாலும் திரும்பத் திரும்பப் போகிறதே என்ற குறையிலும் உண்மை உண்டு. அது அரைகுறை ரிப்பேரின் விளைவு. ஒரு கெப்பாசிட்டர் காய்ந்திருந்தால், அதே நாளில் போர்டில் ஏறி அதே உஷ்ணத்தில் இருந்த மற்றவையும் பின்னாலேயே வந்துகொண்டிருக்கும். பவர் சப்ளையில் இருக்கும் சின்ன எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்களை மொத்தமாகவே மாற்றிவிட வேண்டும். 85 டிகிரி என்று எழுதியதைப் போடாமல் 105 டிகிரி என்று எழுதியதை, குறைந்த உள்தடை கொண்ட வகையைக் கேட்டு வாங்கிப் போட வேண்டும். வோல்ட் அளவு பழையதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. பிளஸ், மைனஸ் மாறக் கூடாது. மேஜையில் வைத்து ஒரு தடவை எழுந்துவிட்டது என்பதும் போதாது. டிஷ் கேபிளை மாட்டி, சேனல்களை மாற்றி, 13 வோல்ட்டும் 18 வோல்ட்டும் சுமையோடு சரியாக வருகிறதா என்று அளக்க வேண்டும். அதன்பின் பிளக்கைப் பிடுங்கி, இரவு முழுக்க ஆறவிட்டு, மறுநாள் காலையில் ஒரே சுவிட்சில் எழுகிறதா என்று பார்த்தபிறகுதான் பெட்டியை வீட்டுக்காரர் கையில் கொடுக்க வேண்டும்.